வாளையாறுக்கு இந்தப் பக்கம் வெயில்

எட்டிமடையில் வெயில்.
வாளையாறு தாண்டினால் மழை.
இடையில் கொஞ்சம் காடு, நிறைய லாரி.
ஜூன் மாதத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு
வேலைக்குப் போவது?

உக்கடத்துக் கடையில்
ஒவ்வொன்றாய் இறக்கிப் போட்டான் பையன்.
வலைத்துணி: காற்று வரும், மழையும் வரும்.
கெட்டித்துணி: மழை வராது,
நான் உள்ளேயே வெந்துபோவேன்.
தோல்: "அக்கா, இது ஊட்டி போறவங்களுக்கு."
நான் பாலக்காடு போகிறவள்.
தினமும், ஒன்பதே முக்காலுக்குள்,
சோற்று டப்பாவோடு.

பெண்கள் சைஸ் வருவதில்லையாம்.
மார்புக்குச் சரியானது தோளில் தொங்கியது.
தோளுக்குச் சரியானதில் ஜிப் ஏறவில்லை.
முழங்கைக்கென்று வைத்த கவசம்
முன்கையில் வந்து உட்கார்ந்தது
தப்பான ஸ்டாப்பில் இறங்கிவிட்ட ஆள் மாதிரி.

"கண்ணாடியப் பாக்காதீங்க, வண்டில ஏறிப் பாருங்க"
என்று தன் வண்டியைக் காட்டினான்.
நடைபாதையில், ஸ்டாண்டு போட்ட வண்டியில்,
எங்கும் போகாமல் குனிந்து உட்கார்ந்தேன்.
நிற்கும்போது கச்சிதமாய் இருந்த உடை
முதுகில் நாலு விரல் மேலேறிக்கொண்டது.
டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.

என் வேலை, விபத்துகளைத் தட்டச்சு செய்வது.
இன்சூரன்ஸ் ஆபீஸ், க்ளெய்ம் பிரிவு, ஜன்னலோர மேஜை.
இடது முழங்கை, சிராய்ப்பு.
வலது மணிக்கட்டு, முறிவு.
என்ன உடுத்தியிருந்தார் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் கிடையாது.
நானாகக் குறிப்பில் சேர்ப்பேன்: பருத்திச் சட்டை.
யாரும் படிப்பதில்லை.
எவர் விழுந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுகிறார்.
ஆகவே கையுறையை மட்டும்
பேரம் பேசாமல் வாங்கினேன்.

கடைசியில் வலைத்துணி ஜாக்கெட்,
உள்ளே கழற்றி மாட்டும் மழை அடுக்கு,
ஆறாயிரத்து எண்ணூறு.
"ரெண்டு பட்டுப்புடவை வந்திருக்கும்"
என்றான் மகிமைராஜ்.
பட்டுப்புடவையோடு விழுந்தவரின் கோப்பும்
என் அலமாரியில் இருக்கிறது.
சொல்லவில்லை.
தையல்காரர் முழங்கைக் கவசத்தை
மூன்று அங்குலம் மேலே ஏற்றிக் கொடுத்தார்.
அதற்கு எண்பது ரூபாய்.

முதல் நாள்.
"எந்தா, யுத்தத்தினாணோ?" என்றார் ரெஜிமோன்.
ஷைலஜா எதுவும் கேட்காமல்
ரெக்கார்டு ரூம் சாவியை நீட்டினாள்.
பழைய பாலிசிகளுக்கு நடுவே நின்று
முழங்கால் கவசத்தை அவிழ்த்து,
பையிலிருந்து துப்பட்டாவை எடுத்து உதறினேன்.
இப்போதெல்லாம் துப்பட்டா
பைக்குள்தான் பயணம் செய்கிறது.

மழை அடுக்கைத் தைத்தவன்
மழையில் நின்றவனில்லை.
அதைப் போட முதலில் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும்;
கழற்றினால் நனைய வேண்டும்.
ஒருநாள் செக்போஸ்ட் அருகே
ஒற்றைக் கை உள்ளேயும் ஒற்றைக் கை வெளியேயுமாய்
நான் போராடிக்கொண்டிருக்க,
வெங்காய லாரியின் கிளீனர்
தார்ப்பாயின் மூலையைத் தூக்கிப் பிடித்தான்.
ஜிப் மாட்டும்வரை வேறு பக்கம் பார்த்தபடி.
நன்றி சொல்லத் திரும்பியபோது
வரிசை நகர்ந்துவிட்டது.

கணவாய்க் காற்று பக்கவாட்டில் தள்ளும்.
லாரி கடக்கும்போது அது ஒரு கணம் நின்று
லாரி போனதும் திரும்ப வந்து அறையும்.
அந்த ஒரு கணத்தைத்தான்
எந்த உடையாலும் தைத்துவிட முடியாது.

ஒரு வருடம் ஆகிறது.
விழவில்லை.
வெயிலில் தோள்பட்டை வெளுத்திருக்கிறது,
கழுத்துப்பட்டையில் என் வியர்வையின் உப்புக் கோடு.
போன வாரம் ரெக்கார்டு ரூம் தாழ்ப்பாளில் மாட்டி
வலது முழங்கை கிழிந்தது.
கவசம் வெளியே எட்டிப் பார்த்தது,
புத்தம் புதிதாய்.

வேலை குறைவான மதியம்.
புதிய படிவம் ஒன்றைத் திறந்தேன்.
வாகனத்தின் வேகம்: இல்லை.
எதிர்த்தரப்பு: கதவு.
காயம்: என்ற இடத்தில்
வெகுநேரம் விரலை வைத்துக்கொண்டிருந்துவிட்டு
சேமிக்காமல் மூடினேன்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.
மழை அடுக்கை
இங்கேயே மாட்டிக்கொண்டு கிளம்பலாம்.