வெள்ளைத் திருத்தம்

விடியுமுன் குளியலறைக் கண்ணாடியில்
கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்கிறேன்.
நாற்பது வாட் குண்டு பல்பு.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள்.
சுவரும் சோப்பும் மஞ்சளாயிருப்பது
பல்பாலா, பழமொழியாலா.
போன வாரம் எல்இடி மாட்டிப் பார்த்தேன்.
அது எல்லாவற்றையும் நீலமாக்கிற்று.
மறுபடி குண்டு பல்பு.

நிறம் என் பிழைப்பு.
மஞ்சக்குப்பத்தில் ஃபிளக்ஸ் கடை.
காதணி விழா, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி,
எதுவானாலும் ஆறுக்கு நாலு.
எலுமிச்சைக்கும் வாழைக்கும் சாமந்திக்கும்
விகிதம் தூக்கத்தில் சொல்வேன்.
விழியோரத்தில் இருப்பதற்கு மட்டும்
சொல்ல வரவில்லை.

ஷட்டர் இறங்கியதும்
ஆல்பேட்டை, பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை.
பாட்டிலில் கொண்டுவந்தால் செக்போஸ்டில் பிடிப்பார்கள்.
வயிற்றில் கொண்டுவந்தால்
ஒருவரும் கேட்பதில்லை.
பதினோரு வருடம் கொண்டுவந்தோம்
நானும் கலியவரதனும், ஒரே வண்டியில்.

செருப்பு வார் பதிந்த பள்ளம்
காலையிலும் நிரம்பவில்லை என்று
அவன்தான் ஒருநாள் பாதத்தைக் காட்டினான்.
கட்டைவிரலால் அமுக்கினேன். குழி விழுந்தது.
பரோட்டா மாவுடா என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தோம்.
குழி அப்படியே இருந்தது.

தை பிறந்து நாலாம் நாள்
அஞ்சலாட்சி கடைக்கு வந்து போனை நீட்டினாள்.
"இதுதான் கடைசியா எடுத்தது."
சில்வர் பீச், மகளின் தோளில் கை.
அவனை வெட்டியெடுத்து மேகத்தில் வைத்தேன்.
மவுஸ் தானாகக் கண்ணுக்குப் போயிற்று.
செத்தவர் விழியை வெளுப்பது
கை பழகிய வேலை, இரண்டே சொடுக்கு.
"அது அவரு கண்ணு இல்லிங்க" என்றாள்.
"இவ்ளோ வெள்ளையா பாத்து
நாலு வருசம் ஆவுது.
இருந்தாப்லயே வுட்ருங்க."
பின்வாங்கும் பொத்தானை அழுத்தினேன்.
மஞ்சள் திரும்பி வந்தது.
அவள் போனபின் அந்த இடத்தில் முள்ளை வைத்து
எண் பார்த்தேன். முப்பத்தெட்டு.

அன்றிலிருந்து என் கண்ணைப் படமெடுக்கிறேன்.
முன்கேமராவில் இருபது. பின்கேமராவில் முப்பத்தொன்று.
எதை நம்புவது.
உள்ளங்கை மருதாணி வைத்தாற்போல் சிவந்திருக்கிறது,
பைக் கைப்பிடி சூடு என்கிறேன்.
மூத்திரம் கடுங்காப்பி,
தண்ணீர் குடிக்காததால் என்கிறேன்.
எனக்கு நானே வக்கீல்.
நெஞ்சில் குட்டியாய் ஒரு சிவப்புச் சிலந்தி.
அமுக்கினால் மறைகிறது.
விட்டால் நடுவிலிருந்து
ஒவ்வொரு காலாக நீட்டுகிறது.
அதற்கு வாதம் கிடைக்கவில்லை.

தில்லைநாயகி ஒன்றும் கேட்பதில்லை.
ஒரு வாரமாக மோரில் கீழாநெல்லி மிதக்கிறது.
யாருக்கு என்று நானும் கேட்கவில்லை.
குடிக்கிறேன்.
ராத்திரி மற்றதையும்.

கடைப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுண்டு:
பிரிண்டைக் குழல்விளக்கில் பார்த்து ஓகே சொல்லாதே,
தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடி.
வெயில் பொய் சொல்லாது.
எனக்குத் தெரியும்.
தெரிந்துதான் விடியுமுன் எழுகிறேன்.

இன்று வெளியே வரும்போது
குளியலறை வாசலில் நின்றிருந்தாள்.
எவ்வளவு நேரமாகவோ.
மணிக்கட்டைப் பிடித்துப்
பின்வாசல் குழாயடிக்கு இழுத்துப்போனாள்.
தென்னைக்கு மேலே வெயில் ஏறியிருந்தது.
கண்ணைத் திறங்க என்றாள்.
திறந்தேன். கூசிற்று.
அவள் முகத்தில் எண் தேடினேன்.
அவள் நிறம் எதுவும் சொல்லவில்லை.
"சட்டைய மாத்துங்க.
ஒம்பது மணிக்குள்ள சீட்டு வாங்கணும்."

பொத்தானில் என் விரல் நிற்கவில்லை.
மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு
அவளே போட்டாள்,
கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக,
சிலந்தியின்மேல் ஒரு கணம் நின்று,
பிறகு அதையும் மூடி.