நாலரை மீட்டர்

ஒரு கைக்கு நாலரை மீட்டர்,
இரண்டு கைக்கும் ஒன்பது.
அம்மா ஒருநாள் அளந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"புடவையை விட நீளம்,
ஆனா முந்தானைதான் இல்ல."

கட்டைவிரலில் மாட்டி
மணிக்கட்டைச் சுற்றி மூன்று,
முட்டிகளின் மேல் மூன்று,
விரல் இடுக்குகளில் குறுக்கும் நெடுக்குமாய்.
ஆறு வருடமாக இதே வரிசை.
ஒரு சுற்றுத் தவறினாலும்
முழுவதையும் அவிழ்த்து மறுபடி.

ஈஷூன். ஒன்பதாம் மாடி.
இரவு பத்தரைக்குத் துவைத்து
மூங்கில் கழியில் போட்டு வெளியே நீட்டுவேன்.
எட்டாம் மாடி ரொஹானா அக்கா
போர்வையை இரவிலும் உள்ளே எடுப்பதில்லை.
என் கைக்கட்டு அதன்மேல் சொட்டும்.
மூன்று முறை மேலேறி வந்து
கதவைத் தட்டிவிட்டார்.
அதன் பிறகு இன்னும் இறுக்கிப் பிழிகிறேன்,
அதுவும் ஒரு பயிற்சிதான்.
ஆனாலும் சொட்டும்.

நாலு நாற்பதுக்கு அலாரம்.
நாலு முப்பத்தெட்டுக்கே அதன் வாயை அடைத்துவிடுவேன்.
தராசில் ஏறினால்
ஐம்பத்தேழு புள்ளி மூன்று.
நேற்றைய பரோட்டாவில் கால்வாசி
இன்னும் என்னோடுதான் குடியிருக்கிறது.
குளத்தைச் சுற்றி நான்கு வட்டம்.
இலை கூட்டும் பங்களாதேஷ்காரர்
முகவாயை உயர்த்துவார், நானும்.
பெயர் தெரியாது.
நான் வராத நாள் எதுவென்று
அவருக்குத் தெரியும்.

பகலில் மருத்துவமனை மருந்தகம்.
தட்டில் ஐந்தைந்தாய் மாத்திரை தள்ளி எண்ணி
உறையில் போட்டு,
தமிழிலும் ஆங்கிலத்திலும்
அரைகுறை மலாயிலும் சொல்கிறேன்:
"நல்லாயிட்டதுன்னு தோணினாலும்
நிறுத்திடாதீங்க.
முழுசா முடிங்க."
சொல்லிச் சொல்லி
எனக்கே காது மரத்துப்போன வாக்கியம்.

மாலையில் காக்கி புக்கிட்,
டயர் கடைக்கு மேலே மூன்றாம் தளம்,
சரக்கு லிப்டில் ரப்பர் வாசனை.
செவ்வாய்க்கிழமை என்றால் கால்கள் மட்டும்.
குத்தில்லை, கையுறை இல்லை.
தரையில் ஒட்டிய வெள்ளை டேப்பின் மேல்
இடது கால் அரை அடி, வலது பின்னால்,
இடது அரை அடி, வலது பின்னால்.
ஜியா ஹுய் கொட்டாவி விட்டபடி எதிரே நிற்பாள்.
நானும் விடுவேன்.
இந்தக் கொட்டாவியை
யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

சனிக்கிழமை, காலாங்கில் போட்டி.
"போட்செல்வி மாசிலாமணி" என்றது ஒலிபெருக்கி.
திருத்த நேரமில்லை.
இரண்டாம் சுற்றில் வலப்பக்கத்திலிருந்து ஒன்று வந்தது,
அரங்கின் விளக்குகள் எல்லாம்
இரண்டிரண்டாயின.

அந்த நொடியில்
என்னிடம் வீரம் இல்லை.
கோபம் எங்கோ வெளியே போயிருந்தது.
பள்ளியில் ஒப்பித்த குறள்
ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.
இடது கால் மட்டும்
என்னைக் கேட்காமல்
அரை அடி நகர்ந்தது.
அடுத்த குத்து
நான் இருந்த இடத்தில் விழுந்தது.

யார் கால் இது?
செவ்வாய்க்கிழமைகளின் கால்.

தோற்றேன்தான்.
மூன்று நடுவர்கள் அவளுக்கு,
இரண்டு பேர் எனக்கு.
கால் காப்பாற்றும், ஜெயிக்க வைக்காது போல.

ஞாயிறு. திங்கள்.
பைக்குள் கைக்கட்டு சுருண்டு புளித்தது.
அலாரம்
முழுப் பாட்டையும் பாடி ஓய்ந்தது.
தராசைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
இரண்டு பரோட்டா, முட்டை போட்டு,
பிறகு இன்னும் ஒன்று.

செவ்வாய் காலை லிப்டில் ரொஹானா அக்கா.
என் இடக்கண்ணின் நாவற்பழ வீக்கத்தைப் பார்த்தார்.
அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"ரெண்டு நாளா
மழையே காணோமே?" என்றார்.

பகல் முழுக்க எண்ணினேன்.
ஐந்து, பத்து, பதினைந்து.
ஒரு பெரியவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"காய்ச்சல் விட்டுடுச்சே, இன்னும் எதுக்கு?" என்றார்.
வழக்கமான பதில்
தொண்டை வரை வந்து
கொஞ்ச நேரம் நின்றது.

அன்றிரவு பத்தரைக்கு
டேப்பின் தூசி ஒட்டிய பாதத்தோடு
குளியலறையில் உட்கார்ந்து
இரண்டு முறை சோப்புப் போட்டேன்,
புளிப்பு வாடை போகும் வரை.
பிழிந்தேன், உதறினேன்,
கழியை வெளியே நீட்டிக் குனிந்து பார்த்தால்

கீழே போர்வை இல்லை.
முன்னதாகவே எடுத்திருந்தார்.