செத்துப் பிழைத்தவர்

ஆமோஸ் ஹெல்விக்கை
நூற்றுப் பதினேழு முறை சாகவிட்டிருக்கிறேன்.
குதிரையிலிருந்து அறுபத்து மூன்று.
மதுக்கடை மாடியின் மரக்கைப்பிடியோடு பதினெட்டு.
மிச்சமெல்லாம் கூரை, பாலம், ஓடும் ரயில்.
ஒரே ஒருமுறை தேவாலயத்து மணிக்கயிறு.

பர்பாங்க்கில், ஜன்னல் இல்லாத வெட்டறை.
கையில் வெள்ளைப் பருத்தி உறை,
கழுத்தில் கயிறு கட்டிய மெழுகு பென்சில்.
அந்தத் தளத்தில் நாங்கள் ஏழு பெண்கள்.
வெள்ளிக்கிழமை சம்பளம்.
திரையில் எங்கள் பெயர் வராது.
அவர் பெயரும் வராது.

முப்பத்தெட்டுக்குப் பிறகு
இடப்பக்கமாகவே விழுந்தார்.
வலது தோளில் ஏதோ முறிந்திருக்கிறது என்பது
அவர் முதலாளிக்கு முன்பே எனக்குத் தெரியும்.
விழும்போது ஒரு கை தொப்பியைப் பிடித்திருக்கும்.
தொலைந்தால் உடைப் பிரிவில்
ஒன்றேகால் டாலர் பிடித்துக்கொள்வார்கள்.

ஒரு படத்தில்
காலையில் பாறைக்குப் பின்னாலிருந்து சுட்டார்.
மதியம் முகத்தில் செஞ்சாயம் பூசி
தலையில் இறகு செருகி
அதே குண்டுக்கு விழுந்தார்.
இரண்டையும் ஒட்டியவள் நான்.
பசை காயும்வரை விரலால் அழுத்திக்கொண்டிருந்தேன்.

திரைக்கு வராத ஒன்று உண்டு.
இயக்குநர் போதும் என்று கத்தியிருப்பார்,
கேமரா இன்னும் நின்றிருக்காது.
பிணம் ஒரு கண்ணைத் திறக்கும்.
மண்ணைத் துப்பும். முழங்காலைத் தடவும்.
எழுந்து முதலில் குதிரையைத் தேடும்.
அங்கேதான் என் கத்தரி விழும்.
துண்டுகள் கூடைக்கு,
கூடை சனிக்கிழமை எரிப்புக் கிடங்குக்கு.
எல்லாத் துண்டும் போனதென்று
சத்தியம் செய்யமாட்டேன்.

நாற்பத்தொன்றில் கேன்டீன் வரிசையில்
தட்டில் வேகவைத்த உலர்பழத்தோடு நின்றார்.
டகோட்டாக்காரர், பேச்சில் இன்னும் நார்வே.
யாரோ சொல்லியிருக்கிறார்கள் நான் யாரென்று.
"மிஸ், நான் சாவது எப்படி இருக்கிறது?"
"கடைசியில் கண் சிமிட்டுகிறீர்கள்."
முகம் சிவந்துபோனது.
அதற்குப் பிறகு சிமிட்டவே இல்லை.
வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் நான்.

செத்துத்தான் பிழைப்பு.
இருபது வருடம்.
நாற்பத்தொன்பதில் அவருக்கு ஒரு வசனம் கொடுத்தார்கள்:
"குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சு, ஷெரிஃப்."
பதினோரு டேக். குழறியதில்லை ஒன்றிலும்.
ஒன்பதாவதில் ஒரு விமானம் போனது,
மற்றவற்றில் அவர் குரல்
நான் நினைத்ததைவிட மெலிசு.

படம் இரண்டு நிமிடம் நீளம்.
மேலிருந்து சீட்டு வந்தது:
சுருக்கு.
நாயகியின் அழுகையைத் தொட முடியாது.
நாயகனின் குதிரையைக்கூடத் தொட முடியாது.

டகோட்டாவிலிருந்து அக்காவை வரவழைத்து
பசடேனாவில் முதல்நாள் டிக்கெட் எடுத்தாராம்.
இது எனக்குப் பிறகு தெரிந்தது.
அக்கா என்ன சொன்னாள் என்று தெரியாது.

திங்கட்கிழமை வெட்டறை வாசலில் நின்றார்,
தொப்பி கையில்.
ஏன் என்று கேட்பார் என நினைத்தேன்.
பதில்கூடத் தயார்.
அவர் கேட்டது:
"அந்தத் துண்டு இருக்கிறதா?"

இருந்தது. நாலரை அடி.
ஒலி வேறு சுருள்,
அது அதற்குள் சாம்பல்.
மேசை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.
ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினார்,
ஒவ்வொரு கட்டத்துக்கும் உதட்டை அசைத்துப் பார்த்தார்.
ஷெரிஃப் வந்ததும்
மறுபடி முதலிலிருந்து.
நான் இன்னொரு படத்தின் முத்தத்தை
நீளம் அளப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தார்.
நன்றி சொன்னார். எனக்கு.

அடுத்த மாதமே ஒரு ஓடையில் செத்தார்,
வேறு ஸ்டூடியோவுக்காக, முகம் தண்ணீருக்குள்.
பிறகு தொலைக்காட்சி வந்தது,
இள வயசுக்காரர்கள் மலிவாக விழுந்தார்கள்.
ஐம்பத்தெட்டில் கிளெண்டேல் மருத்துவமனை.
செய்தித்தாளில் இரண்டு வரி,
பெயரில் ஒரு எழுத்துப் பிழை.

என் சமையலறையில் மாவு டப்பாவுக்குப் பின்னால்
ஒரு பிஸ்கட் தகரம் இருக்கிறது.
வீட்டில் வைக்கக் கூடாத சரக்கு,
பற்றினால் தெருவே போகும்.
மூடியைத் திறந்தால் புளித்த வாடை.

மாட்னி முடிந்த ஒரு ஞாயிறு
பழைய இயந்திரத்தில் அத்தனையையும் ஒட்டி ஓட்டினேன்.
இரண்டரை நிமிடம், சத்தமில்லை.
ஒரு மனிதர் எழுகிறார்.
மண்ணைத் துப்புகிறார்.
எழுகிறார். எழுகிறார்.
நடுவில் எங்கோ தோள் முறிகிறது, தலை நரைக்கிறது.
எழுகிறார்,
குதிரை எந்தப் பக்கம் போனதென்று
திரும்பிப் பார்க்கிறார்.