என்ன அலுவலாய் வந்தனீங்கள்

மாங்குளத்தில் பஸ் மாறி,
முழங்காவில் சந்தியில் ஓட்டோக்காரனோடு
இருநூறு ரூபாய்க்கு வாக்குவாதப்பட்டு
வலைப்பாட்டுக்கு வந்து சேர
பங்குனி வெயில் கடலைத் தகடாய் அடித்து வைத்திருந்தது.

பிலோமினா அறையைத் திறந்து விட்டார்.
மகன் கட்டாருக்குப் போனதில் மிஞ்சிய அறை.
மூலையில் ஒரு கிரிக்கெட் மட்டை,
கட்டிலுக்கு மேல் சூசையப்பர்,
யன்னலுக்கு வெளியே நண்டு வலை.
"தனியவோ?"
"ஓம்."
"என்ன அலுவலாய் வந்தனீங்கள்?"
"லீவில."
"அது சரி. என்ன அலுவல்?"

இங்கே வந்து தங்கியவர்கள் எல்லாரும்
ஏதோ ஒரு படிவத்தோடு வந்தவர்கள்.
தறப்பாள் எண்ணினார்கள், கிணறு எண்ணினார்கள்,
திரும்பி வராதவர்களை எண்ணினார்கள்,
அந்தத் தாளைத் தொலைத்துவிட்டு
இன்னொருமுறை எண்ண வந்தார்கள்.
அட்டைப் பண்ணைக்கென்று கடலைக் கயிறு பிடித்து அளந்தார்கள்.

எனக்கு வவுனியா நீதிமன்றில் சுருக்கெழுத்து வேலை.
பதினெட்டு வருடமாய்
மற்றவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்,
அழுகையைத் தவிர.
அதற்குக் குறியீடு இல்லை.
விரல் மூட்டு வீங்கியதற்கு டொக்டர் ஐந்து நாள் தந்தார்.
வீட்டில் இருந்தால்
சட்டி பானை கையைக் கேட்கும்.

இரண்டாம் நாள் காலை படலைக்கு வெளியே பதினொரு பெண்கள்.
பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டைப் பிரதி,
குடும்ப அட்டைப் பிரதி,
ஒருத்தியிடம் ஒரு படம். அதைக் கடைசியாய்க் காட்டலாம் என்று
மடியில் வைத்திருந்தாள்.
பதிய வரவில்லை நான் என்றேன்.
கொடுக்க ஒன்றும் கொண்டுவரவில்லை என்றேன்.
"அப்ப சும்மாவோ?" என்றாள் முன்னால் நின்றவள்.
"ஐயோ பாவம்" என்று சிரித்தாள்.
எல்லாரும் சிரித்தார்கள்.
படம் வைத்திருந்தவளும்
கொஞ்சம் பிந்திச் சிரித்தாள்.

பிறகு இரண்டு நாள் சொல்வதற்கு ஒன்றுமில்லை.
இடுப்பளவு தண்ணீரில்
எவ்வளவு தூரமும் நடக்கலாம் இந்தக் கடலில்.
நடந்தேன்.
கால் விரல்களுக்கிடையே பாசி.
இரணைதீவு எட்டத்தில்
யாரோ அழிக்க மறந்த கோடு மாதிரி.
பின்னேரம் நண்டுக் கறி, புட்டு.
இரவில் எதிர்க்கரை இழுவைப் படகுகளின் வெளிச்சம்
வரிசையாய் ஒரு பட்டணம்போல் வந்து நின்றது.
இங்கத்தைய ஆண்கள் கரையில் குந்தியிருந்து
கிழியப்போகும் வலைகளின் விலையைக் கூட்டினார்கள்.
என் கை தன்பாட்டில்
தொடையில் அதையும் எழுதிக்கொண்டிருந்தது.
பிடித்து நிறுத்தினேன்.

ஞாயிறு ஒரு வள்ளமும் இறங்கவில்லை.
பூசை முடிந்து, பூசைச் சேலையோடே
பிலோமினா கவிழ்த்த வள்ளத்தில் என் அருகே வந்து இருந்தார்.
"லீவெண்டா என்ன செய்யிறது?"
"இதுதான்."
"எது?"
கடலைக் காட்டினேன்.
பார்த்தார்.
கையை நெற்றிக்கு வைத்து, கண்ணைச் சுருக்கி,
இடமிருந்து வலமாய், மறுபடி இடம்.
"வள்ளம் வருதோ எண்டு பார்க்காமல்
இதைப் பார்க்கத் தெரியேல்லையெனக்கு."
ஆனாலும் எழும்பவில்லை.
ஒரு நாய் வந்து எங்கள் செருப்புகளை மணந்து,
பிடிக்காமல் போனது.

போகும்போது கொப்பி ஒன்று நீட்டினார்.
பெயர், விலாசம், வந்த நோக்கம்.
எனக்கு மேலே எல்லாரும்
மதிப்பீடு, பயிற்சி, மதிப்பீடு, கள ஆய்வு.
பேனையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை,
நீங்களே எழுதுங்கோ என்றேன்.
என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை.
நேரம் எடுத்தது.
ஞாயிற்றுக்கிழமைக்குக் காசு எடுக்க மாட்டேன் என்று
சத்தியம் பண்ணினார்.
பதிலுக்கு ஒரு கிலோ சூடைக் கருவாட்டைப்
பத்திரிகையில் சுற்றித் திணித்தார்.

பஸ்ஸில் கொண்டக்டர் முகத்தைச் சுளித்தான்.
மாங்குளம் வரை
ஒருவரும் என் பக்கத்தில் இருக்கவில்லை.
இரண்டு சீற்றிலும் காலை நீட்டி
லீவைத் தொடர்ந்தேன்.