தன்மைப் பன்மை

கிங்ஸ்டன் நகரசபையிலிருந்து
நானூற்றாறு சொற்கள் வந்திருக்கின்றன.
சொல்லுக்கு இருபத்திரண்டு சதம்.
வெள்ளி மாலைக்குள் தமிழ் வேண்டும் என்கிறாள்
டோரீன் ஹேஸ்லிப்;
சோமாலி முடிந்துவிட்டதாம்.

வெளியே பனி வழிக்கும் வண்டி
நேற்றுப் போட்ட உப்பை இழுத்துப் போகிறது.
தேநீர் ஆறி ஆடை கட்டியும்
நான் முதல் வரியிலேயே நிற்கிறேன்.

மன்னிப்பை அவர்கள் வழங்குகிறார்கள்.
தமிழில் அப்படியே எழுதினால்
விற்றவன் விற்கப்பட்டவளை
மன்னித்துவிட்டதாக ஆகிவிடும்.
நம்மிடம் அதைக் கேட்கத்தான் முடியும்,
கை கீழே இருக்க.
டோரீனிடம் இதைச் சொல்லவில்லை.
கேட்கிறோம் என்று எழுதினேன்.

ஹேகர் என்றொரு பெண். வயது முப்பது.
அவள் மகன், ஒரு கறவைப் பசு, இரண்டு சேணம்,
எல்லாமாக அறுபத்தைந்து பவுண்.
துறையில் மாவாலை வைத்திருந்தவனுக்கு
விற்கப்பட்டாள்.
யார் விற்றது? வாக்கியத்தில் ஆள் இல்லை.
ஆனால் எங்கள் செயப்பாட்டு வினைக்குள்
'படு' என்று ஒன்று கிடக்கிறது.
செய்தவனை மறைத்தாலும்
பட்டவளை அது காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது, 'நாங்கள்'.
நாம் என்று எழுதினால்
ஹேகரின் வழிவந்தவர்களும் இந்தப் பக்கம் வந்து
தங்களிடமே மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.
ஆகவே நாங்கள்.
அந்த நாங்களில் நானும் உண்டா?

பதினொரு வருடம் முன்பு
ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில்
வலக்கை உயர்த்திச் சத்தியம் செய்தேன்.
காகிதக் கொடி தந்தார்கள், கேக் தந்தார்கள்.
இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் தந்தார்களா?
சபைக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து,
'என் பாட்டன் இங்கே வந்ததே இருபத்தாறில்,
வந்து உருளைக்கிழங்கு கிண்டினான்,
நான் ஏன் கேட்க வேண்டும்?' என்றார்.
கை தட்டினார்கள்.
என் கையும் இரண்டு தரம் தட்டி
நின்றது.

வியாழன் இரவு ஹரோவிலிருந்து அண்ணன்
ஊர்க் காணி வழக்குக்காக
ஒரு பழைய உறுதியின் படத்தை அனுப்பினான்.
கறையான் தின்ற ஓரம்.
பனை பதினெட்டு பூவரசு நாலு
கிணற்றிலே பாதி
அடிமை கந்தியும்
அவள் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டும்.
பனைக்கும் கந்திக்கும் நடுவில்
ஒரு காற்புள்ளி இல்லை.
'பனைக் கணக்கை மட்டும் பார்,' என்றான் அண்ணன்.
'மிச்சமெல்லாம் ஒல்லாந்தர் காலத்துக் கதை.'

பார்த்தேன். பதினெட்டு.

சபையின் விதிப்படி
ஒவ்வொரு மொழிபெயர்ப்பையும் இன்னொருவர் பார்க்க வேண்டும்.
என்னுடையதைப் பார்ப்பவர்
பெல்வில் நகரத்து நிக்சன் அருளப்பு.
ஆறு வருடமாகத் தொலைபேசியில் மட்டும் பழக்கம்.
ஊர் எது என்று ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்காமலே அறிந்துகொள்ளும் வித்தை
எங்களுக்கு உண்டு.
(இங்கேயும் எங்களுக்குத்தான்.)
எந்தக் கோயிலடி, எந்தப் பள்ளிக்கூடம்,
ஐயா என்ன வேலை.
மூன்றாம் கேள்விக்கு முன்னமே
அவர் குரல் இறங்கியது எனக்குக் கேட்டிருந்தது.

வெள்ளி காலை திருப்பி அனுப்பினார்.
நானூற்றாறு சொல்லுக்கும் ஒரே திருத்தம்:
மன்னிப்பு கேட்கிறோம் என்று எழுதியிருந்தேன்,
நடுவே ஒரு 'க்' வைத்திருந்தார்.
அடியில்,
வேறு பிழை இல்லை.

க் வைத்தேன். அனுப்பினேன்.
எண்பத்தொன்பது டொலர் முப்பத்திரண்டு சதத்துக்குப்
பற்றுச்சீட்டும் அனுப்பினேன்.

பிறகு அருளப்புவுக்கு ஒரு கடிதம் தொடங்கினேன்.
நாங்கள் என்று எழுதி அழித்தேன்.
நான் என்று எழுதினேன்.
மேலே போக
கந்தி உங்கள் ஆளா என்று கேட்க வேண்டும்.
எப்படித் திருப்பிப் போட்டாலும் அது
எந்தப் பக்கத்து ஆள் நீ என்கிற
அதே பழைய கேள்வியாகத்தான்
வந்து நிற்கிறது.