அணைத்து வைக்கவும்

இந்த ஆண்டில் இது மூன்றாவது சுற்றறிக்கை.
ஆங்கிலம் திங்களே முடிந்துவிட்டது.
சிங்களம் புதன்.
தமிழ் எப்போதும்
வெள்ளிக்கிழமை நாலே காலுக்கு
என் மேசைக்கு வரும்,
"அவசரம்" என்ற சிவப்பு முத்திரையோடு.

"பழையதை எடுங்க மிஸ்,
விலையை மட்டும் மாத்தினாப் போதும்"
என்றார் பணிப்பாளர் திலகசிறி.
மாற்றினேன்.
இரண்டு இலக்கம் அழித்து இரண்டு இலக்கம்.
கொள்ளுப்பிட்டிக் கடல்
சன்னலில் வெள்ளையாய்க் காய்ந்துகொண்டிருந்தது.

வெயில் என்ற சொல்
பன்னிரண்டு பக்கத்தில் ஓரிடமும் இல்லை.
மிகை உற்பத்தி இருக்கிறது.
வலையமைப்பின் உறுதிநிலை இருக்கிறது.
காற்றுக்கு வேறு கோப்பு.
மன்னாரில் அது தன்பாட்டுக்கு வீச,
இங்கே நாலாம் மாடியில்
"மீளாய்வில்" என்று எழுதிக் கட்டி
மின்விசிறிக்குப் பறக்காமல்
மேலே ஒரு கல் வைத்திருக்கிறார்கள்.

கடைசிப் பந்தி.
ஞாயிறு, போயா, பெருநாள் தினங்களில்
காலை ஒன்பது முதல் மூன்று வரை
கூரைத் தகடுகளை...
இங்கேதான் நின்றுவிட்டேன்.

வீட்டில் என்றால் நூர்க்கச் சொல்வோம்.
விளக்கை நூர்க்கலாம்,
பட்டப்பகலை எப்படி நூர்ப்பது?
நிறுத்துக என்றால் அதட்டல்.
துண்டிக்க என்றால்
பில் கட்டாத வீடு ஞாபகம் வரும்.
ஐந்து மணி பஸ்ஸை நினைத்துக்கொண்டு எழுதினேன்:
அணைத்து வைக்கவும்.

தெமட்டகொடையில்
ஜிஃப்ரியின் பேக்கரிக் கூரையில்
நாற்பத்திரண்டு தகடு.
லோன் இன்னும் ஐந்து வருஷம்.
லோனைக் குறைக்கச் சொல்லி
எந்தச் சுற்றறிக்கையும் நான் மொழிபெயர்த்ததில்லை.

ஞாயிறு காலை பாண் வாங்கப் போனேன்.
மாவு படிந்த கண்ணாடிக்கு மேலால் பார்த்து
போனை நீட்டினார்.

"ஆரு தங்கச்சி இந்தத் தமிழ எழுதின?
பூட்டச் சொன்னாங்க, பூட்டினேன்.
மிச்சத்த விக்கச் சொன்னாங்க,
வித்தேன், அவங்க சொன்ன விலைக்கு.
இப்ப ஏறிப் போய்
கட்டிப் பிடிக்கச் சொல்றாங்களே!"

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
பிறகு சில்லறையை
இரண்டு தரம் எண்ணினேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க
ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு
ஏணியில் ஏறினார்.

சுவிட்ச் கீழேதான்,
மீட்டருக்குப் பக்கத்தில்.