பதினைந்து டிகிரி

கீழே மோரீன் மீன் பொரிக்கிறாள்.
மேலே நான் மீனைக் குளிரவைக்கப் பார்க்கிறேன்.
நடுவில் ஒரு பலகைத் தளம்,
அதற்குள் அறுபது வருஷத்து எண்ணெய் வாசம்.

பதினொன்றரைக்கு அவள் அடுப்பேற்றினால்
பன்னிரண்டுக்கெல்லாம் என் தொட்டி இருபத்துமூன்று.
ஜூலை. சால்ட்பர்னில் இப்படியொரு வெயிலைப் பற்றி
பேருந்து ஓட்டுநர்கூட
மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் பேசுகிறார்.

இரண்டடித் தொட்டி.
பாறைக்குழியிலிருந்து வந்த ஒரு ஷானி,
சுண்டுவிரல் நீளம், ஓய்வுபெற்ற நீதிபதி முகம்.
மூன்று கடற்சாமந்தி.
சுருங்கியிருந்தால் யாரோ துப்பிய வெற்றிலைச்சாறு.
மூன்று நாளாகத் துப்பியபடியேதான் இருக்கின்றன.

ஜன்னலைத் திறந்தால் கடல்.
படியிறங்கிப் போனால் பதினாலு டிகிரி,
இலவசம், கரை காணாமல்.
நான் இங்கே அறுபது லிட்டரோடு மல்லுக்கட்டுகிறேன்.

தண்ணீர் என்னும்போதே
தண்மை உள்ளே இருக்கிறது என்று
சொல்லிலேயே எழுதிவைத்தவர்கள் நாங்கள்.
பிறகு நாங்களே சுடுதண்ணி என்றோம்,
யாரும் சிரிக்கவில்லை.

ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டேன்.
ஒரு மணிக்குப் பதினெட்டு, நாலு மணிக்கு இருபத்துநாலு,
மலேரியாக்காரன் போல மீன்.
விசிறி வைத்தேன்.
நீர் ஆவியானது, உப்பு அப்படியே நின்றது.

செம்புக் குழாய் வாங்கினேன், சீக்கிரம் கடத்துமென்று.
செம்பில் ஊறிய நீரை
விடிந்ததும் குடிக்கிறவள் நான், உடம்புக்கு நல்லதாம்.
சாமந்திக்கு அது நஞ்சு.
ரசீதோடு திரும்பப் போனேன்.
பதினெட்டு பவுண்ட், எண்ணித் தந்தார்கள்.

பின்கட்டில் மழையில் கிடந்தது
மோரீனின் பழைய கோலா ஃபிரிட்ஜ்.
"எடுத்துக்கோ ஆங்கி, ஓடினா உன் அதிர்ஷ்டம்."
அங்கயற்கண்ணி அவள் வாயில் ஆங்கியானபோது
நடுவில் இருந்த கயல் நழுவிப் போயிருந்தது.
நானும் தேடவில்லை.

துளை போட வேண்டும்.
தகட்டுக்குப் பின்னால் எங்கே கேஸ் ஓடுகிறதென்று தெரியாது.
சோளமாவை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசிக் காத்திருந்தேன்,
எங்கே முதலில் காய்கிறதோ அங்கே குழாய்.
வெள்ளைப் பூச்சில் மெல்ல எழுந்தது
ஒரு பாம்பின் கோடு.
அதைத் தொடாமல் இரண்டு துளை.

பன்னிரண்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்து,
ஒரு பம்ப், ஒரு தெர்மோஸ்டாட்.
இரவெல்லாம் உறுமியது.
விடிந்தபோது அரை டிகிரி இறங்கியிருந்தது.
அரை.

காற்றுக்குக் குளிரைக் கைமாற்றத் தெரியாது.
ஒரு வாளி உப்புநீர் வைத்து
சுருளை அதில் அமிழ்த்தினேன்.
இருபத்திரண்டு. இருபது. பத்தொன்பது.
அப்புறம் ஒரு இணைப்பு கழன்றது.
நான் குளித்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு லிட்டர் கடல்
பலகை இடுக்கு வழியே மோரீனின் கல்லாமேல்.
கூரையைப் பார்த்துக் கத்தினாள்:
"உப்பு நாங்களே போட்டுக்குவோம், ஆங்கி!"
வரிசையில் நின்றவர்கள் கைதட்டியது கேட்டது.

சிலிகான். கிளிப். மறுபடி.

குளிர் என்று ஒன்றைச் செய்யவே முடியாதாம்.
சூட்டைத் தூக்கி வேறெங்காவது வைக்கலாம், அவ்வளவுதான்.
ஃபிரிட்ஜின் முதுகு அதை எங்கே வைத்ததென்று
எனக்குத் தெரியும்.
அறை முப்பது.
ஈரத்துண்டோடு மாடிப்படியில் படுத்திருந்தேன்,
கதவைத் திறந்துவைத்து,
அந்தச் சின்னச் சிவப்பு எண்களைப் பார்த்தபடி.

மூன்று மணிக்குப் பதினாறு.
ஐந்துக்குப் பதினைந்து.
ஷானி குழாய்வாயில் வந்து உட்கார்ந்தது,
தீர்ப்பைத் தள்ளிவைத்தது போல.
சாமந்திகளில் ஒன்று,
ஓரத்தில் இருந்த சின்னது,
முதல் வளையத்தை மட்டும் விரித்தது.

அளவு சரிதானா பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு
முழங்கைவரை கையை விட்டேன்.

தண்ணீர்.

கை மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை.
பிறகு வேலைக்குப் போக மறந்து தூங்கிவிட்டேன்.
எழுந்தபோது பதினொன்று இருபத்தெட்டு.
கீழே பொரிப்பான்
கிளிக் என்றது.